கயிற்றில் ஒட்டிவந்த மணல்

திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னைநார்க் கயிற்றில் கொஞ்சம் மணலும் ஒட்டிச் சென்றது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் அம்மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அன்றைய எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் ஆக்சைடு இன்றியமையாதது. அதைத் தரும் மோனசைட்டுக்கு ஐரோப்பா பிரேசிலை நம்பியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போரோடு தொழில் பிரித்தானியர் கைக்கு மாறியது.

அந்த மணல் அங்கு எப்படிச் சேர்ந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகளைக் கனமழையும் வெப்பமும் சிதைக்கின்றன. பெல்ஸ்பார் களிமண்ணாகிவிடும். குவார்ட்சும் இல்மனைட், மோனசைட் போன்ற கன தாதுக்களும் சிதையாமல் ஆற்றோடு கடலுக்கு வருகின்றன. குவார்ட்சின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, மோனசைட்டுக்கு அது 5ஐ ஒட்டியது. கரையேறிய அலை திரும்பும்போது இலேசானதை இழுத்துச் செல்ல, கனமானது தங்கிவிடுகிறது. சுளகில் புடைப்பதைப் போன்றது என்று சொல்லலாம்: இங்கேயும் விலைமதிப்புள்ளது விலகிப்போகும் பதரல்ல, தங்கி நிற்பதே. நீண்டகரை முதல் காயங்குளம் வரையான சுமார் 22 கிலோமீட்டர்க் கரை இவ்வாறு கறுத்தது.

மொழியியல் படித்தவளாதலால் பெயரை விட்டுவிட மனமில்லை. படிகங்கள் அரிதாக, தனித்தனியே கிடைத்ததால் 'தனித்திருத்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து மோனசைட் என்று பெயரிட்டனர். சவறாக் கரையிலோ அது கூட்டமாகக் கிடக்கிறது! கடலோர மலையாளிகள் 'கரிமணல்' என்றனர். நிறத்தைச் சொன்ன அப்பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதே கருமணலின் இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைச் சாயத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது.

விளக்குக் காலம் முடிந்ததும் தோரியத்தின் மதிப்பு அணுவாற்றலால் பன்மடங்காயிற்று. 1947இல் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று திவான் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்ததை மன்னராட்சிப் பிடிவாதமாக மட்டும் வாசிப்பது போதாது. பேரம் பேசும் வலுவை அவருக்குத் தந்தவற்றுள் இம்மணலும் ஒன்று. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952இல் ஆலுவா ஆலை இயங்கத் தொடங்கியது.

அகழ்வு இன்றும் தொடர்கிறது. கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மெல்லிய நிலத்துண்டான ஆலப்பாட்டில், தங்கள் ஊர் கரைந்துபோகிறது என்று மக்கள் 2018இல் போராட்டம் தொடங்கினர். அவர்களுக்கு அம்மணல் கடலைத் தடுத்து நிறுத்தும் கரை.