'நெவர்': ஒரு நாளுக்கா, எல்லா நாளுக்குமா?

நேற்றுப் பெரட்டுக்கு வராதவர் மேனேஜரிடம் "ஐ நெவர் கம் எஸ்டர்டே" என்பார். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் மட்டுமல்ல, மலேசியா முழுவதும் கேட்கும் பேச்சு இது. உள்ளூர்க்காரர் புரிந்துகொள்வார். ஆனால் கிளினிக்கிலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும் எஸ்.பி.எம். தாளிலும் இது பொருளையே மாற்றிவிடக்கூடும்.

காலையில் மட்டும் இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடாத ஒருவர், டாக்டரிடம் "ஐ நெவர் டேக் தி மெடிசின்" என்றால், அதன் நேர்ப்பொருள் 'நான் மருந்து சாப்பிடுவதே இல்லை' என்பதாகும். டாக்டர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், அடுத்து எழுதும் மருந்தும் அளவும் மாறலாம். சொல்ல வேண்டியது: "ஐ டிட் நாட் டேக் தி மெடிசின் திஸ் மார்னிங்".

தமிழில் நான்காகப் பிரித்துச் சொல்வதை ஆங்கிலமும் பிரித்தே சொல்கிறது:

• (நேற்று) வரவில்லை – ஹி டிட் நாட் கம்
• (இதுவரை) வந்ததே இல்லை – ஹி ஹேஸ் நெவர் கம்
• (வழக்கமாக) வருவதே இல்லை – ஹி நெவர் கம்ஸ்
• (இனி) வரவே மாட்டார் – ஹி வில் நெவர் கம்

முதல் வரியில் மட்டும் 'நெவர்' இல்லை. ஒரு நாளில், ஒரு முறை நடக்காததற்கு 'டிட் நாட்' போதும்.

சந்தேகம் வந்தால் மலாய் உதவும். 'தாக் பெர்னா டாத்தாங்' என்று சொல்லும் இடத்தில் 'நெவர்' வரும். வெறும் 'தாக் டாத்தாங்' என்றால், நடந்து முடிந்ததற்கு 'டிட் நாட்'.

இன்னொரு தவறு, 'ஐ நெவர் டிட் நாட் கோ' என்று எழுதுவது. தமிழில் 'ஒருபோதும்' என்றாலும் பின்னால் 'இல்லை' வேண்டும். 'நெவர்' அப்படியல்ல. பழைய ஆங்கிலத்தில் 'இல்லை' என்பதற்கான 'நெ' முன்னால் ஒட்டிப் பிறந்த சொல் அது. 'இல்லை' அதற்குள்ளேயே இருப்பதால் மீண்டும் 'நாட்' தேவையில்லை.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். வினைச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'ஷி நெவர் ஸ்மோக்ஸ்'. 'இஸ், ஆம், ஆர்' இருந்தால் அதற்குப் பின்னால் வரும்: 'ஷி இஸ் நெவர் லேட்'.

ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு இரு மொழிகளும் கைவசம் உண்டு. அவற்றை வைத்தே இந்த ஆங்கிலச் சொல்லை வீட்டிலேயே விளக்கிவிடலாம்.