பொதியமலையும் மழைக்கால நோன்பும்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு வடக்கே அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பொதியமலை. நமக்கு அது அகத்தியர் மலை. பௌத்தர்களுக்கோ கருணையே வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரர் வீற்றிருக்கும் மலை. அவர் உறையும் போதலக மலை தென்னாட்டில், மலய மலைகளுக்குக் கிழக்கே இருப்பதாக 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் குறித்துவைத்தார். அது நம் பொதியமே என்று ஜப்பானிய அறிஞர் சூ ஹிகோசகா வாதிட்டார். வீரசோழியம் என்ற இலக்கண நூலைச் செய்த புத்தமித்திரரோ, அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறார். திபெத்தில் லாசாவின் பொத்தலா அரண்மனையும் போதலகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்தக் கருணையைப் பௌத்தம் மனத்தின் நெகிழ்ச்சியோடு விட்டுவிடவில்லை, நடைமுறை விதியாக்கியது. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராகத் திரிந்து பசும்புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள் என்று மக்கள் முறையிட்டார்கள். மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்குங்கள் என்று புத்தர் விதித்ததாகப் பிக்குகளின் ஒழுக்க நூலான விநயபிடகம் சொல்கிறது. மண்ணைத் தோண்டுவதும் செடிகொடிகளை வெட்டுவதும் பிக்குகளுக்குக் குற்றமாயின. புல்லுக்காக ஊரார் பேசியதும், அதைக் கேட்டுப் பிக்கு சங்கமே தன் நடையை நிறுத்திக்கொண்டதும் என்னை மிகவும் நெகிழவைப்பவை. 1980களின் இறுதியில் தாய்லாந்துப் பிக்குகள் காட்டு மரங்களுக்குத் துவராடை சுற்றி வெட்டுக்கத்தியைத் தடுக்க முனைந்தது இந்த மரபின் தொடர்ச்சியே.

புல்லையும் மிதிக்காமல் நடக்கப் பௌத்தம் கேட்கும் விழிப்புநிலை என்றால் என்னவென்று நம்மூர் ரப்பர் தோட்டத்திலேயே பார்க்கலாம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுத் தொழிலாளி மரத்தடியில் நிற்கிறார். கத்தி பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துச் சரிந்து இறங்குகிறது. உள்ளே வளர்திசுவைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டை மிஞ்ச வேண்டும். அதைத் தாண்டினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. கை எங்கே நிற்க வேண்டுமென்று அறிந்தவரே நல்ல வெட்டுக்காரர்.

மலையை உடைக்கும் கைகளுக்கு அந்த நிதானம் இல்லை. மாவட்டத்தின் மேற்குப் பகுதிப் பாறைகள் கனரக லாரிகளில் மாநில எல்லை தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. மழைநீரைத் தேக்கிக் கசியவிடும் குன்று போனால் அடிவாரத்துக் கிணறும் குளமும் வறளும். பொதியம் நிற்கும், கோதையாறு இறங்கிவரும் மலைத்தொடரை 2016இல் யுனெஸ்கோ அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக உலக வலையமைப்பில் சேர்த்தது. உலகம் மதித்த மலைக்கு அதன் நிழலில் வாழும் நாம் அரண் ஆக வேண்டாமா?

புல்லுக்காக முறையிட்ட அந்த மக்களின் இடத்தில் இன்று இருப்பவர்கள் நாம். குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் தவறாமல் போங்கள். உங்கள் ஊர்க் குன்றின் பெயரையும் அதை நம்பியிருக்கும் குளத்தின் பெயரையும் சொல்லி, எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.