வீட்டுக் கணக்கு மென்பொருள்: புதிய பதிப்புக்குப் பணம் கட்டலாமா?

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டு வரவு செலவைக் கணினியில் எழுதுகிறவர்கள் நம் வட்டத்தில் சிலர் உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ போட்டுக் கொடுத்த குவிக்கன். சிலரிடம் மைக்ரோசாஃப்ட் மணி. அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "புதிய பதிப்புக்குப் பணம் கட்டச் சொல்கிறதே, கட்டலாமா?" முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த மென்பொருள்களின் நாற்பது வருடக் கதையைத் தெரிந்துகொண்டால், பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கதை 1983இல் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. ஸ்காட் குக் என்பவர் முன்பு சோப்பு விற்கும் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மாதா மாதம் பில் கட்டுவதும் கணக்கு எழுதுவதும் பெரிய தொல்லையாக இருக்கிறது என்று அவர் மனைவி அலுத்துக்கொள்ள, இதைக் கணினி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டாம் புரூ என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய சரக்குதான் குவிக்கன். திரையில் செக் புத்தகம் போலவே ஒரு படம், பக்கத்தில் பதிவேடு. கணக்குப் படிக்காதவர்களுக்கும் பார்த்தவுடன் புரிந்தது. அதுதான் அதன் வெற்றி ரகசியம்.

அந்தக் காலத்தில் புதிய பதிப்பு வாங்குவதில் அர்த்தம் இருந்தது. டாஸ் போய் விண்டோஸ் வந்தது. பங்குகளின் கணக்கு சேர்ந்தது, கடன் தவணைக் கணக்கு சேர்ந்தது. கொடுத்த காசுக்குப் புதிதாக ஏதோ ஒன்று கையில் கிடைத்தது.

1991இல் மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 'மணி'யைக் கொண்டுவந்தது. குவிக்கனை அசைக்க முடியவில்லை. அசைக்க முடியாததை வாங்கிவிடுவோம் என்று 1994 அக்டோபரில் இன்ட்யூட் நிறுவனத்தையே சுமார் 150 கோடி டாலருக்கு விலை பேசியது. இருவரும் ஒன்றானால் போட்டியே இருக்காது என்று அமெரிக்க நீதித்துறை 1995 ஏப்ரலில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆக, இரண்டு மென்பொருளும் தனித்தனியாகப் பிழைத்தன. 1997இல் இந்த இரு நிறுவனங்களும் செக்ஃப்ரீ என்ற இன்னொரு நிறுவனமும் சேர்ந்து, வங்கியிலிருந்து கணக்கை நேரே கணினிக்கு இறக்க ஓ.எஃப்.எக்ஸ் என்ற பொது முறையை வகுத்தன. இந்த வங்கி இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதை ஒட்டித்தான்.

2000 வாக்கில் ஒரு சங்கடம் வந்தது. வீட்டுக் கணக்கு என்பது எவ்வளவு பெரிய சமாசாரம்? கூட்டல், கழித்தல், வங்கி இருப்போடு ஒத்துப் பார்ப்பது, வருடக் கடைசியில் தொகுப்பது. இதெல்லாம் ஏற்கெனவே நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. சரியாக ஓடும் மென்பொருளை வைத்திருப்பவன் புதிதாக ஒன்றை ஏன் வாங்குவான்?

குவிக்கன் கண்டுபிடித்த வழி, மூன்று வருட விதி. ஒரு பதிப்பு வெளிவந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆனதும் அதன் இணையச் சேவைகளை நிறுத்திவிடுவார்கள். உதாரணமாக, 2008ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2011 ஏப்ரல் 30 கடைசி நாள். அதன் பிறகு வங்கிக் கணக்கு இறங்காது, பங்கு விலை வராது, இணைய வழியாகப் பில் கட்ட முடியாது. ஆனால் மென்பொருள் திறக்கும். பழைய கணக்கு அப்படியே இருக்கும். கையால் புதிய வரவு செலவு எழுதலாம். வங்கி இணைப்பை நம்பியிருந்தவர்கள் வேறு வழியின்றிப் புதிதாக வாங்கினார்கள். கையால் எழுதியவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அடுத்த திருப்பம் 2009 ஜூனில். மணியை நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, அந்த மாதக் கடைசியோடு விற்பனையையும் முடித்துக்கொண்டது. இணையச் சேவைகள் 2011 ஜனவரி 31 வரை. ஆனால் போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்தது. 2010இல் 'சன்செட்' என்ற பெயரில் ஒரு கடைசிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்தது. அதற்கு இணையம் வழியாக நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் நிறுத்திப் பல வருடம் ஆன பிறகும் அதில் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2016இல் இன்ட்யூட் குவிக்கனை எச்.ஐ.ஜி. கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. 2017 இறுதியில் வெளியான 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து முறை மாறியது. ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்வது போய் சந்தா வந்தது. அப்போது சொன்ன விதிப்படி, சந்தா முடிந்தால் உயர்ந்த பதிப்புகளில் கையால் எழுதுவதைத் தொடரலாம். ஆரம்பநிலைப் பதிப்பில் உங்கள் கணக்கை நீங்களே பார்க்கலாம், புதிதாக எழுத முடியாது. நாம் எழுதிய பேரேட்டில் அடுத்த வரி எழுத வாடகை கட்ட வேண்டும் என்றால், அந்தப் பேரேடு யாருடையது?

இன்னொரு பக்கம் 'மின்ட்' என்ற இணையதளம். 2007இல் வந்தது, முழுக்க இலவசம். 2009இல் இன்ட்யூட் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. பல வருடம் ஓடி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. தங்கள் வரவு செலவுப் பட்டியலை முன்கூட்டியே இறக்கிக்கொண்டவர்களுக்கு அது மிஞ்சியது. இலவசமாக இருந்த ஒன்றுக்கும் இதே முடிவுதான் என்பதைக் கவனியுங்கள்.

இவற்றுக்கு வெளியே க்னூகேஷ் என்று ஒன்று 1990களின் கடைசியிலிருந்து இருக்கிறது. தன்னார்வலர்கள் எழுதுவது. காசு கிடையாது, சந்தா கிடையாது. இரட்டைப் பதிவு முறை என்பதால் முதலில் கொஞ்சம் மிரட்டும். ஆனால் பற்று வரவு தெரிந்தவர்களுக்கு அது பழகிய வீடு. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி அச்சில் ஏற்றிய அதே முறைதானே!

சரி, நம் கேள்விக்கு வருவோம். புதிய பதிப்பில் பெரும்பாலும் விற்கப்படுவது வங்கி இணைப்பு. அது அமெரிக்க, கனடா வங்கிகளுக்காக ஆனது. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர், அங்கே இன்னும் நாலைந்து கணக்கும் ஓய்வூதிய நிதியும் வைத்திருப்பவர் என்றால் சந்தா கட்டலாம். வேலை மிச்சம். இங்கே பென்ஷன், தபால் அலுவலகச் சேமிப்பு, வங்கி வைப்புத் தொகை, கொஞ்சம் பங்குகள் என்று இருப்பவர் அதற்குப் பணம் கட்டினால், ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்த மாதிரிதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள்.

ஆனால் கணக்கை அலட்சியமாக விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. இருபது வருடம் முன்பு வாங்கிய பங்கை இன்று விற்றால், வரி போடும்போது வாங்கிய விலையும் வேண்டும், 2018 ஜனவரி 31 அன்று இருந்த விலையும் வேண்டும். அந்த நாள் விலையை எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடலாம். வாங்கிய விலை உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கும். நமக்குப் பிறகு வீட்டுக்காரியோ பிள்ளையோ எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தேடும்போதும் அதே கணக்குதான் துணை. அது திறக்காத ஒரு கோப்புக்குள் மாட்டிக்கொண்டால் யாருக்குப் பிரயோஜனம்?

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று விஷயம் பாருங்கள். இணையம் இல்லாமல், நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இது திறக்குமா? சந்தாவை நிறுத்தினால் எழுத முடியுமா, பார்க்க மட்டும்தானா? கணக்கு முழுவதையும் எக்ஸெல் படிக்கும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க வருமா? மூன்றாவதற்கு "வராது" என்று பதில் வந்தால், பாக்கி இரண்டையும் பார்க்கவே வேண்டாம்.

நான் மணியின் அந்தக் கடைசிப் பதிப்பில்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு மார்ச் 31க்கும் மறுநாள் எல்லாக் கணக்கையும் வெளியே எடுத்து பென் டிரைவில் ஒரு பிரதி, மகனுக்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி. சொத்துப் பட்டியலை மட்டும் தாளில் அச்சிட்டு, வைப்புத் தொகை ரசீதுகள் இருக்கும் அதே ஃபைலில் வைத்துவிடுவேன். ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலைக்கு ஒரு காலைப் பொழுது போதும். குவிக்கனோ, மணியோ, க்னூகேஷோ, நோட்டுப் புத்தகமோ, நீங்கள் எதில் எழுதினாலும் இந்த வருடக் கணக்கு முடிந்ததும் இதைச் செய்துவிடுங்கள்.