தண்டனையும் தங்குமிடமும்

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மனைவியை அடிக்கும் கணவனுக்கும் அதனையே சான்றாகக் காட்டி, "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று ஒதுங்குவோர் பலர். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் இஃது வேரூன்றியிருந்தது. அதனைக் களைய அந்நாட்டார் முயன்ற வரலாற்றில் மாணவர்கள் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு.

1853-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பெண்களையும் குழந்தைகளையும் கொடுமையாகத் தாக்குவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 20 பவுன் வரை அபராதம் என்று அது விதித்தது. ஆயினும் கொடுமை ஓயவில்லை. காரணம் என்ன? அக்காலத்தில் மனைவி உழைத்து ஈட்டிய கூலியும் கணவனுக்கே உரியது. 1870-இல்தான் அவளது ஊதியம் அவளுக்குச் சொந்தமாயிற்று. கணவன் சிறை சென்றால் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். அபராதம் செலுத்தினாலோ அப்பணம் குடும்பத்தின் உணவிலிருந்தே போகும். சிறை மீண்டவன் திரும்பி வருவதும் அவள் இருக்கும் வீட்டிற்கே. சட்டத்தின் தண்டனை அடிபட்டவளையே சுட்டது.

1870-களில், இத்தகையோருக்குக் கசையடி கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. டப்ளினில் பிறந்த எழுத்தாளர் பிரான்சிஸ் பவர் காப் அம்மையார் அதனை ஏற்கவில்லை. கசையடி பட்டவன் முன்னிலும் மூர்க்கனாகத் திரும்புவான். மனைவி மறுபடியும் அவன் கையில்தானே சிக்குவாள் என்று வாதாடினார். 1878-இல் அவர் எழுதிய கட்டுரை நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. அவ்வாண்டே புதிய சட்டம் பிறந்தது. கொடிய தாக்குதலுக்காகக் கணவன் தண்டிக்கப்பட்டு, மனைவிக்கு இனியும் ஆபத்து உண்டென்று நீதிமன்றம் கருதினால், அவள் பிரிந்து வாழலாம். வாரந்தோறும் ஜீவனாம்சம் பெறலாம். 10 வயதிற்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். குறைகள் பல இருப்பினும், அடித்தவனை மட்டுமே நோக்கியிருந்த சட்டம் அன்று அடிபட்டவளின் பக்கமும் திரும்பிற்று.

இந்தியாவும் ஏறத்தாழ இவ்வழியே நடந்தது. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை என்றது அது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கிறது. ஆனால், தங்குவதற்கு ஒரு கூரை என்னும் வினாவிற்கு விடை தந்தது 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே. வீடு தன் பெயரில் இல்லாவிடினும், வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அது கூறுகிறது.

அச்சட்டத்தில் நம் அனைவருக்கும் உரிய ஒரு பிரிவும் உண்டு. கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு இல்லை. அடுத்த வீட்டு அழுகுரல் நம் செவிக்கு எட்டும்போது, "அது அவர்கள் விவகாரம்" என்று சொல்லச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. இளைஞர்களே, இதனை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்.