கிணறே கணக்கு: சென்னையில் மழைநீரும் சமூகத் தணிக்கையும்

தமிழகத்தின் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்று 2003-இல் பிறந்த அவசரச் சட்டம், நீர்ப் பஞ்சத்தால் தவித்த சென்னைக்கு மகத்தான உபகாரம் செய்தது என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆயினும் அவ்வாறு எழுந்த அமைப்புகள் வருஷந்தோறும் இயங்குகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இன்றும் தீராமலே நிற்கிறது. அந்நீரை இறைத்து வாழும் ஜனங்களே அதன் தணிக்கையாளராக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய தணிக்கை நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனம் ஏரி வாரியத்துக்கு ஆள் தெரியும் முறையை வகுக்கையில், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் உறவினரையும் விலக்கிவைத்தது. 1994-இல் ராஜஸ்தானத்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, கூலிப் பட்டியல்களைக் கிராமத்தார் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே, அம்முறை 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் உரிமையாக இடம்பெற்றது. நகரவாசிக்கு அதற்கு ஈடான உரிமை கிட்டவில்லை.

சென்னையில் அதன் அவசியம் மண்ணிலேயே தெரிகிறது. சாந்தோமும் பெசன்ட் நகரும் நீரை உடனே உள்வாங்கும் மணற்பாங்கு. தியாகராய நகரோ 1920-களில் பழைய ஏரியைத் தூர்த்து எழுந்த களிமண் பூமி. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் குழியை வெட்டி, ஒரே மாதிரி அத்தாட்சி வழங்கினால், காகிதம் நிறையுமேயன்றிக் கிணறு நிறையாது. இதை உணர்ந்து, பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தவர் சேகர் ராகவன்; அவருடைய ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002-இல் நிறுவிய ரெயின் சென்டர், அமைப்புகளைக் கண்ணால் கண்டு கற்கும் பாடசாலையாயிற்று. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் வெள்ளையடிப்பின்போது கழற்றப்பட்டுத் திரும்பப் பொருத்தப்படாமல் அந்தரத்தில் நிற்பதையும், கசிவுக் குழியின் மீது கார் நிறுத்துவதற்காகச் சிமெண்டுக் கற்கள் பாவியிருப்பதையும், வண்டல் அடைத்த கூழாங்கற்களையும் பிரத்தியட்சமாக அறிபவர் அத்தெருக்காரரே. என்றோ ஒரு நாள் வந்துபோகும் அதிகாரிக்கு அவை புலப்படுவதில்லை.

இந்த அலட்சியத்தின் விலையைக் கணக்கிடலாம். வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரில், ஒரு கிரவுண்டு மனைமீது மட்டும் விழுவது சுமார் 3 லட்சம் லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். எட்டு மனைகளின் ஓராண்டு மழை அவ்வளவே.

சாமானியருக்கு நிபுணத்துவம் ஏது என்பார் உண்டு. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து தெருவின் பெயரால் பதிவுசெய்ய எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. 2022 முதல் மாநகரங்களில் கூடத் தொடங்கிய பகுதி சபைகளில் அப்பதிவேடு உரக்கப் படிக்கப்பட்டு, வார்டு உறுப்பினரும் பொறியாளரும் அங்கேயே பதிலளிக்கும் நியதி வேண்டும்.

இதனினும் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு: குடியிருப்போர் சங்கம் பெரும்பாலும் வீட்டுக்காரர் சங்கமே. ஆகவே பட்டினப்பாக்கத்துக் குடியிருப்புகளில் அடிபம்பு முன் குடத்தோடு நிற்கும் பெண்களும், மயிலாப்பூர்ச் சந்துகளின் வாடகைக் குடித்தனக்காரரும் அப்பதிவேட்டில் கையெழுத்திடாதவரை, அதைத் தெருவின் கணக்கென்று சபை ஏற்றுக்கொள்ளலாகாது.