ரயிலும் பஸ்ஸும் ஓடாத நாள் - பிரிட்டிஷ் விடுமுறைகளின் கதை

செப்டம்பர் மாதம் லண்டனில் வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவர் முதல் வாரத்திலேயே சில பாடங்களைக் கற்றுக்கொள்கிறார். பஸ்ஸில் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது. ஆய்ஸ்டர் அட்டையையோ வங்கி அட்டையையோ கருவியில் தொட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். கல்லூரி மூலம் மாணவர் ஆய்ஸ்டர் அட்டை வாங்கினால் வார, மாத பாஸ்களில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. இதெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் டிசம்பர் 25 பற்றிப் பல பேர் சொல்வதில்லை. அன்று லண்டன் சுரங்க ரயில் கிடையாது, பஸ் கிடையாது, டிராம் கிடையாது. நாடு முழுவதும் ரயில் ஓடாது. சென்னையிலிருந்து போனவருக்கு இது பெரிய அதிர்ச்சி. தீபாவளி, பொங்கல் என்றால் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். பண்டிகை என்றால் கூடுதல் வண்டி என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. அங்கே பண்டிகை என்றால் வண்டியே இல்லை!

இது காலம் காலமாக வந்த வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையா?

மாற்றுச் சீட்டில் பிறந்த விடுமுறை

பிரிட்டனில் பொது விடுமுறைக்கு 'பேங்க் ஹாலிடே' என்று பெயர். நாடே விடுமுறை எடுக்கும் நாளுக்கு ஏன் வங்கியின் பெயர்?

ஒரு காலத்தில் இங்கிலாந்து வங்கி புனிதர்களின் திருநாட்கள் என்று ஆண்டுக்குச் சுமார் 33 நாட்கள் மூடியிருந்தது. 1834-ல் அதை நான்கே நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். மற்ற நாட்களில் வங்கிகள் நினைத்தாலும் மூட முடியாது. காரணம், வணிகவியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான மாற்றுச் சீட்டு. குறித்த நாளில் சீட்டுக்குப் பணம் கொடுக்காவிட்டால் அது மறுக்கப்பட்ட சீட்டாகிவிடும். அந்த நாளில் வங்கி கதவைச் சாத்தியிருந்தால் வியாபாரியின் நாணயமே போய்விடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சர் ஜான் லப்பக். குடும்பத் தொழில் வங்கி. நாடாளுமன்ற உறுப்பினர். சார்லஸ் டார்வினின் பக்கத்து வீட்டுக்காரர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் பள்ளியில் படித்த பிரிவுகளுக்கு 1865-ல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் இவர்தான். 1871-ல் இவர் கொண்டு வந்த சட்டம் ஈஸ்டர் திங்கள், விட் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26 ஆகிய நான்கு நாட்களை இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்கு வங்கி விடுமுறை ஆக்கியது. ஸ்காட்லாந்துக்குத் தனிப் பட்டியல். அந்த நாளில் முடியும் சீட்டுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்றது சட்டம். அவ்வளவுதான்!

மற்ற கடைகளையோ ஆலைகளையோ மூடச் சொல்லிச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் வங்கி மூடியிருந்தால் வியாபாரி திறந்து என்ன செய்வது? ஒவ்வொருவராக மூடினார்கள். நன்றி மறக்காத மக்கள் ஆகஸ்ட் விடுமுறையை 'புனித லப்பக் தினம்' என்றே அழைத்தார்கள்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. 'உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது' என்று மாவட்ட ஆட்சியர்களின் அறிவிப்பில் ஒரு வரி வருமே, அதுவும் இதே மாற்றுச் சீட்டு விவகாரம்தான். நம் சட்டத்தின் 25-வது பிரிவு மட்டும் நேர்மாறானது. பொது விடுமுறையில் முடியும் சீட்டுக்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்துவிட வேண்டும்.

விடுமுறையைச் சுமந்த ரயில்

விடுமுறை கிடைத்தது. போவது எங்கே? 1841-ல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போய் வழி காட்டியிருந்தார். 1871-க்குப் பிறகு பிரைட்டன், மார்கேட், சவுத்எண்ட் போன்ற கடற்கரை ஊர்களுக்கு உல்லாச ரயில்கள் நிரம்பி வழிந்தன. கடலையே பார்த்திராத தொழிலாளி குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு இரவே திரும்பினார்.

அதாவது அங்கேயும் ஒரு காலத்தில் விடுமுறை என்றால் கூடுதல் வண்டிதான். விடுமுறை இல்லாதவர் ரயில்காரர் ஒருவரே. ஊர் ஓய்வெடுத்த நாளில் அவருக்கு வேலை இரட்டிப்பு.

கிறிஸ்துமஸ் அன்றும் வண்டிகள் ஓடின. அன்று கால்பந்துப் போட்டிகள் நடக்கும். ரசிகர்கள் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு விருந்துக்கு வீடு திரும்புவார்கள். 1957-ல்தான் இங்கிலாந்தில் கடைசியாக முழு அளவில் கிறிஸ்துமஸ் போட்டிகள் நடந்தன. ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாகவே இல்லை.

வண்டி ஏன் நின்றது?

1950-ல் பிரிட்டனில் இருந்த கார்கள் சுமார் 20 லட்சம். 1970-ல் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பண்டிகைக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர் சொந்தக் காரில் போனார். ரயிலில் கூட்டம் குறைந்தது, நஷ்டம் ஏறியது. 1963-ல் வந்த பீச்சிங் அறிக்கை 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. 1960-களின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான கிறிஸ்துமஸ் ரயில்கள் நின்றுவிட்டன. லண்டன் சுரங்க ரயில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் அன்று ஓடியது 1979-ல்.

ஆக, இது புராதன வழக்கமல்ல. சுரங்க ரயிலைப் பொறுத்தவரை இதற்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களின் விடுமுறையைச் சுமந்த ரயில்காரருக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு நாள் கிடைத்தது. அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த நாள் கிடைத்ததற்குக் காரணம் பயணிகளிடம் கார் வந்ததுதான். கார் இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை. இரவுப் பணி முடிந்த மருத்துவமனை ஊழியர், உணவகத்தில் பாத்திரம் கழுவும் பகுதி நேர மாணவர், வேறு ஊரில் ஒரே ஒரு சிநேகிதன் இருக்கும் புதியவர் ஆகியோருக்கு அன்று நடைதான் கதி.

புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

- வழக்கமான பொது விடுமுறைகள் இங்கிலாந்து, வேல்ஸில் 8, ஸ்காட்லாந்தில் 9, வட அயர்லாந்தில் 10. நண்பருக்கு விடுமுறை என்பதால் உங்களுக்கும் விடுமுறை என்று நினைக்கக் கூடாது.
- மற்ற பொது விடுமுறைகளில் லண்டன் சுரங்க ரயிலில் நாள் முழுவதும் நெரிசல் இல்லா நேரக் கட்டணம்தான்.
- டிசம்பர் 24 மாலையே ரயில்கள் சீக்கிரம் முடிந்துவிடும். 26-ம் தேதியும் பெரும்பாலான ரயில்கள் ஓடாது.
- நீண்ட விடுமுறைகளில்தான் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

கிறிஸ்துமஸ் அன்று நண்பர் வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பு வந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிட வேண்டும். காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் தயங்காமல் சரி என்று சொல்லிவிடலாம். பழைய மாணவர்களும் ஒன்று செய்யலாம். அந்த ஆண்டு புதிதாக வந்தவர்களிடம் டிசம்பர் தொடக்கத்திலேயே இதைச் சொல்லி வைக்கலாம்.