தோல் போய் நஞ்சு வந்தது

செங்கல்பட்டுப் பக்கம் வயல் வரப்பில் இருளர் பழங்குடியினர் ஒருவர் போனால், சும்மா நடப்பதாகத்தான் தெரியும். கண் மட்டும் வளைகளின் வாயில் இருக்கும். மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டையின் துணுக்கு, எச்சம். உள்ளே எலியா பாம்பா, பாம்பென்றால் எது என்று முடிவு செய்ய அவை போதும். பிறகுதான் கடப்பாரை.

இந்த வித்தையை முதலில் காசாக்கியவர்கள் தோல் வியாபாரிகள். வெளிநாட்டுக் கைப்பைக்கும் செருப்புக்கும் போன பாம்புத்தோலில் பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. தடை நியாயம்தான், பாம்பு குறைந்தால் எலி பெருகும். ஆனால் பாம்பைப் பற்றி யோசித்தவர்கள் பாம்பு பிடிப்பவரைப் பற்றி யோசிக்கவில்லை. பரம்பரைப் பிழைப்பு குற்றமாயிற்று. நிலமில்லாத இருளர்கள் பலர் முன்பணம் வாங்கி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மாட்டிக்கொண்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான்!

பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் நஞ்சு எடுக்கும் வேலை நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டும். பிடித்த பாம்பை மண்பானைக்குள் வைத்துப் பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக் குடுவையின் மேல் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்கவைத்தால் நஞ்சு சொட்டுச் சொட்டாக இறங்கும். சில வாரங்களில் சில முறை எடுத்துவிட்டு, மறுபடி பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு வெளியே விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு நாட்டில் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

2017-ல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் புளோரிடா அழைத்தது, பர்மிய மலைப்பாம்பு பிடிக்க. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இருந்தும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அரசு அனுமதிதான் தீர்மானிக்கிறது. அது தாமதமானால் வருமானமும் நின்றுபோகும். சங்கத்திலோ சில நூறு பேர்தான் உறுப்பினர். வெளியே இருக்கும் இருளர்கள் பலருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே இன்றும் பெரும் அலைச்சல்.